மரபணுவின் கதை – 17: 587-ஆம் எழுத்து

ஃபை-எக்ஸ்-174 என்ற மிகச் சிறிய வைரஸின் டி.என்.ஏ.வை, கேம்பிரிட்ஜில் பிரெட் சாங்கரின் குழு 1977-ல் முழுக்கப் படித்து வெளியிட்டது என்று சென்ற இதழில் பார்த்தோம். ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் ஓர் உயிரியின் முழு மரபுச் செய்தியும் காகிதத்துக்கு வந்துவிட்டது. மனித வரலாற்றில் ஒரு டி.என்.ஏ. மரபுத்தொகுதி இப்படி முழுதாகப் படிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

ஆனால் படிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. ஐயாயிரம் எழுத்துகளில் எது இல்லாவிட்டால் வைரஸ் முடங்கும்? எது மாறினாலும் ஒன்றும் ஆகாது? இதற்கு விடை தெரிய வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. ஓர் எழுத்தை மாற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவும் நாம் குறித்த இடத்தில், நாம் விரும்பிய எழுத்தாக மாற்ற வேண்டும். 1970-களின் நடுவில் உலகில் எந்த ஆய்வகத்தாலும் அதை நம்பகமாகச் செய்ய முடியவில்லை.

மாற்றங்களை உண்டாக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. 1927-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சடுதிமாற்றங்கள் பல மடங்கு பெருகுவதைக் காட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடின்பரோவில் ஷார்லட் ஆவர்பாக் வேறொரு வழியைக் கண்டார். யூதர் என்பதால் ஹிட்லரின் ஜெர்மனியில் வேலை இழந்து, 1933-ல் ஸ்காட்லாந்துக்கு வந்தவர் அவர். ஜே.எம். ராப்சன் என்ற மருந்தியலாளருடன் சேர்ந்து, முதல் உலகப் போரில் படைவீரர்களைப் பொசுக்கிய கடுகு வாயுவை ஈக்களின் மேல் செலுத்தினார். அந்த வேலையில் அவருடைய கைகள் வெந்தன. எக்ஸ் கதிரைப் போலவே அந்த வேதிப்பொருளும் மரபணுக்களை மாற்றியது. போர் ரகசியம் என்பதால் முடிவுகளை முழுமையாக வெளியிட, போர் முடியும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

எக்ஸ் கதிரானாலும் கடுகு வாயுவானாலும் சிக்கல் ஒன்றுதான். அடி எங்கே விழும் என்று அடிப்பவருக்கே தெரியாது. ஆயிரக்கணக்கான ஈக்களை, கோடிக்கணக்கான பாக்டீரியங்களை வளர்த்து, அவற்றில் விநோதமாக ஏதாவது தென்படுகிறதா என்று தேட வேண்டும். கண் நிறம் மாறிய ஈ கிடைத்தால், அதிலிருந்து பின்னோக்கிப் போய் எந்த மரபணுவில் கோளாறு என்று கண்டறிய வேண்டும். மரபியல் அரை நூற்றாண்டு இந்தத் திசையில்தான் நடந்தது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பொறுமையிலிருந்து கிடைத்த அறிவு பெரிது. ஆனால், ‘இந்த இடத்தில் இந்த எழுத்தை மாற்றினால் என்ன ஆகும்’ என்ற கேள்வியை அந்தத் திசையிலிருந்து கேட்க முடியாது.

அதைக் கேட்க வைத்தவர் மரபியலாளர் அல்லர். வேதியியலாளர்.

மைக்கேல் ஸ்மித் 1932-ல் இங்கிலாந்தின் கடற்கரை நகரான பிளாக்பூலில் பிறந்தார். தந்தை காய்கறி பயிரிட்டு விற்பவர். பதினோராம் வயதில் எழுதும் பொதுத்தேர்வில் நன்றாகத் தேறியதால், உதவித்தொகையோடு ஒரு தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது. மான்செஸ்டரில் 1956-ல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. கனடாவின் வான்கூவரில் ஓர் இளம் விஞ்ஞானி ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, அங்கே போனார். அந்த இளம் விஞ்ஞானி நம் தொடரில் ஏற்கெனவே வந்தவர்: பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா.

டி.என்.ஏ. துண்டுகளை வேதியியல் முறையில் எழுத்து எழுத்தாகச் சேர்த்துக் கட்டும் கலையை ஸ்மித் கற்றது குரானாவிடம்தான். குரானா 1960-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போனபோது ஸ்மித்தும் கூடவே போனார். ஆனால் வான்கூவரின் கடலும் மலையும் அவரை விடவில்லை. 1961-ல் அங்கே திரும்பி, கனடா மீன்வள ஆராய்ச்சி வாரியத்தின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் சால்மன் மீன் ஆராய்ச்சிக்கு. வெளியிலிருந்து கிடைத்த நிதியைக் கொண்டு, தன் மனதுக்குப் பிடித்த டி.என்.ஏ. வேதியியலையும் விடாமல் நடத்திக்கொண்டிருந்தார். பெரிய பல்கலைக்கழகங்களின் வெளிச்சம் படாத இடம் அது. 1966-ல்தான் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்கு மாறினார்.

அங்கே அவர் குழுவில் இருவரை இந்த வரலாறு மறக்கக் கூடாது. ஒருவர் கரோலின் ஆஸ்டெல். இன்னொருவர் ஷர்லி கில்லம்.

டி.என்.ஏ.வின் இரு இழைகள் ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஒரு சிறு துண்டில் ஓர் எழுத்து மட்டும் பொருந்தாமல் இருந்தால்? துண்டு ஒட்டுமா, விலகுமா? ஆஸ்டெல் செல்லுலோஸில் சிறு டி.என்.ஏ. துண்டுகளைப் பிணைத்து, அவற்றின் ஜோடிகள் எந்த வெப்பநிலையில் பிரிகின்றன என்று 1970-களின் தொடக்கத்தில் அளந்தார். முடிவு தெளிவாக இருந்தது. ஓர் எழுத்து பொருந்தாத ஜோடி கொஞ்சம் பலவீனமானதுதான். ஆனால் குளிர்ச்சியில் வைத்தால் பிரிவதில்லை. ஜிப்பில் ஒரு பல் நசுங்கியிருந்தாலும் மற்ற பற்கள் பிடித்து ஜிப் மூடிக்கொள்வதுபோல, சுற்றியுள்ள எழுத்துகள் அந்தத் துண்டைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன.

கில்லம் செய்தது இன்னும் கடினமான வேலை. குரானாவின் வேதியியல் முறையில் ஒரு சிறு துண்டைக் கட்டவே வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். கில்லம், குடல் பாக்டீரியமான ஈ.கோலையிலிருந்து எடுத்த ஒரு நொதியைக் கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக நீட்டித் துண்டுகளை உருவாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஒவ்வோர் எழுத்து சேர்ந்ததும், சேராததையும் அதிகமாகச் சேர்ந்ததையும் பிரித்தெடுத்துக் கழித்துவிட்டு, சரியானதை மட்டும் அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டும். பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு கையில் கிடைப்பதற்குள், தொடங்கிய பொருளில் பெரும்பகுதி போய்விடும். இன்று இணையத்தில் எழுத்துகளைத் தட்டச்சு செய்து அனுப்பினால் குப்பியில் காய்ந்த தூளாக வந்து சேரும் ஒலிகோ துண்டுகள், அன்று ஒருவருடைய கைத்திறனிலிருந்துதான் வந்தன.

இந்த இடத்தில் கதை கேம்பிரிட்ஜுக்குத் திரும்புகிறது. டி.என்.ஏ.வைப் படிக்கும் கலையைக் கற்க 1975-ல் ஸ்மித் ஓராண்டு விடுப்பில் சாங்கரின் ஆய்வகத்துக்குப் போனார். வட கரோலினாவிலிருந்து கிளைட் ஹட்சிசனும் அங்கே வந்திருந்தார். ஹட்சிசனுக்கு ஃபை-எக்ஸ்-174 அத்துப்படி. தன் சகா மார்ஷல் எட்ஜெலுடன் சேர்ந்து, நல்ல வைரஸின் டி.என்.ஏ. துண்டு ஒன்றைக் கெட்ட வைரஸின் இழையோடு ஒட்டவைத்து உயிரணுவுக்குள் செலுத்தினால், பிறக்கும் வைரஸ்களில் சில திருந்திவிடுவதை அவர் முன்பே கண்டிருந்தார். ஒரு காபி வேளையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு நூல்களும் முடிச்சிட்டுக்கொண்டன. ஹட்சிசனிடம் இருந்தது இயற்கையான துண்டு. ஸ்மித்திடம் இருந்தது விரும்பியபடி கட்டப்பட்ட துண்டு. வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றிக் கட்டிய துண்டை ஒட்டவைத்தால் என்ன?

இருவரும் தேர்ந்தெடுத்தது ஃபை-எக்ஸ்-174 வரிசையின் 587-ஆம் எழுத்து. அது ஏன் என்பதில்தான் சோதனையின் அழகு இருக்கிறது. அந்த இடத்தில் இ (E), டி (D) என்று பெயரிட்ட இரண்டு மரபணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. ஒரே எழுத்துகளை இ மரபணு ஒரு விதமாகவும், டி மரபணு ஓர் எழுத்து தள்ளியும் மும்மூன்றாகப் படிக்கின்றன. இந்த விநோதத்தை 1976-ல் கண்டுபிடித்தவர்களில் ஹட்சிசனும் ஒருவர். இ மரபணு உண்டாக்கும் புரதம்தான் பாக்டீரியத்தின் சுவரை உடைத்துக் குட்டி வைரஸ்களை வெளியே விடுகிறது. இயல்பான வைரஸில் இ மரபணு அந்த இடத்தில் டி-ஜி-ஜி என்று படிக்கிறது. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைச் சேர் என்று பொருள். நடுவிலுள்ள ஜி, அதாவது 587-ஆம் எழுத்து, ஏ ஆக மாறினால் டி-ஏ-ஜி. அதற்குப் பொருள்: நிறுத்து. புரதம் பாதியிலேயே நின்றுவிடும். பாக்டீரியத்தின் சுவர் உடையாது. வைரஸ் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். டி மரபணுவுக்கோ அதே எழுத்து ஒரு மும்மையின் கடைசி எழுத்து. ஜி-டி-ஜி, ஜி-டி-ஏ ஆனாலும் அதே வாலின்தான். அதனால் டி மரபணுவின் புரதத்தில் மாற்றம் எதுவும் இல்லை. இந்த மாற்றம் கொண்ட வைரஸ், நிறுத்தற்குறியைத் தாண்டிப் படிக்கத் தெரிந்த சிலவகை பாக்டீரியங்களில் மட்டும் தழைக்கும், சாதாரண பாக்டீரியத்தில் தழைக்காது. ஆகவே எழுத்து மாறியதா இல்லையா என்று இரண்டு தட்டுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கில்லம் கட்டிய துண்டு இது: ஜி-டி-ஏ-டி-சி-சி-டி-ஏ-சி-ஏ-ஏ-ஏ. பன்னிரண்டு எழுத்துகள். ஏழாவதாக உள்ள டி மட்டும் வேற்றாள். அங்கே சி இருந்திருந்தால் வைரஸின் இழையோடு முழுக்கப் பொருந்தியிருக்கும்.

ஃபை-எக்ஸ்-174-இன் டி.என்.ஏ. ஒற்றை இழை வளையம். அதோடு இந்தத் துண்டைக் குளிர்ச்சியில் சேர்த்தார்கள். பொருந்தாத ஓர் எழுத்தைச் சகித்துக்கொண்டு துண்டு தன் இடத்தில் ஒட்டியது. பிறகு டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதி, அந்தத் துண்டைத் தொடக்கமாகக் கொண்டு வளையத்தைச் சுற்றி இரண்டாவது இழையைக் கட்டியது. பாலிமரேஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே வரும் இழையைத் தின்றுகொண்டே முன்னேறும். அப்படி விட்டால் சுற்றி வந்து, மாற்றத்தைச் சுமக்கும் அந்தச் சிறு துண்டையே தின்றுவிடும். அதனால் அந்தப் பகுதியை வெட்டி நீக்கிய பாலிமரேஸையே பயன்படுத்தினார்கள். கடைசியில் லைகேஸ் நொதி இரண்டு முனைகளையும் இணைத்து வளையத்தை மூடியது. இப்போது வெளியிழையில் பழைய எழுத்து, உள்ளிழையில் புதிய எழுத்து. சுவர் நீக்கிய பாக்டீரியங்களுக்குள் இந்த இரட்டை வளையத்தைச் செலுத்தி, பிறந்த வைரஸ்களைத் தட்டுகளில் பரப்பினார்கள்.

எதிர்பார்த்த வைரஸ்கள் வந்தன. இரண்டு இழைகளும் சமமாக நகலெடுக்கப்பட்டால் பாதி வைரஸ்களில் மாற்றம் இருக்க வேண்டும்; கிடைத்தது அதைவிடக் குறைவு. ஆனாலும் பல்லாயிரத்தில் ஒன்றைத் தேடி அலைந்தவர்களுக்கு அது கற்பனைக்கு எட்டாத செல்வம். அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஏழாம் இடத்தில் சி உள்ள இன்னொரு துண்டைக் கட்டி, முடங்கிய வைரஸைத் திரும்ப இயல்பு வைரஸாக மாற்றிக் காட்டினார்கள். போகவும் வரவும் முடிந்ததால், இது தற்செயல் என்று யாரும் சொல்ல இடமில்லாமல் போயிற்று. இந்தத் தொடரில் நான் எழுதிய சோதனைகளில், கேள்வியும் சாட்சியும் இவ்வளவு இறுக்கமாகப் பொருந்திய சோதனை வேறு இல்லை என்பது என் துணிபு.

கட்டுரையை ‘செல்’ என்ற பெரிய ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். பொதுவான ஆர்வத்துக்கு உரியதல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1978-ல் ‘ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி’ அதை வெளியிட்டது. ஆசிரியர் பட்டியலில் ஹட்சிசன் முதலில், ஸ்மித் கடைசியில், நடுவில் கில்லம்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இந்த ஓட்டத்தில் ஸ்மித் குழு தனியாக ஓடவில்லை. சூரிச்சில் சார்லஸ் வைஸ்மன் குழு, ஆர்.என்.ஏ. வைரஸ் ஒன்றில் குறிப்பிட்ட இடத்தில் மாற்றம் செய்வதை 1974-லேயே வேறொரு வழியில் காட்டிவிட்டது. அதே 1978-ல் ராசின், ஹிரோசே, இடாகுரா, ரிக்ஸ் ஆகியோர், செயற்கைத் துண்டைக் கொண்டு இதே ஃபை-எக்ஸ்-174-இல் ஒரு பிறழ்வைத் திருத்தியதாக அறிவித்தார்கள். பால்டிமோரில் டேவிட் ஷார்ட்டிலும் டேனியல் நேதன்ஸும் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளால் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் தாக்கும் வழியைக் கண்டார்கள். ஆனாலும் எந்த எழுத்தையும் எந்த எழுத்தாகவும் மாற்றலாம் என்ற முழுச் சுதந்திரத்தைத் தந்து, அதை மற்றவர்களும் செய்யும் அளவுக்கு எளிதாக்கியது வான்கூவர்தான். 1982-ல் ஸ்மித்தும் மார்க் ஸோலரும், எம்-13 என்ற வைரஸுக்குள் எந்த மரபணுவை ஒட்டிக் கொடுத்தாலும் அதில் மாற்றம் செய்யலாம் என்று முறையைப் பொதுவாக்கினார்கள்.

அதே ஆண்டு கேம்பிரிட்ஜின் கிரெக் வின்டரும், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆலன் ஃபெர்ஷ்ட்டும், ஸ்மித், ஸோலர் ஆகியோருடன் சேர்ந்து இந்தக் கருவியை ஒரு நொதியின் மேல் திருப்பினார்கள். டைரோசில் டி.ஆர்.என்.ஏ. சிந்தடேஸ் என்ற அந்த நொதியின் முப்பரிமாண வடிவம் முன்பே தெரியும். அதன் 35-ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனை செரீனாக மாற்றினார்கள். நொதி தன் வேதிப்பொருளைப் பிடிக்கும் பிடி தளர்ந்தது. ஒற்றை அணுவின் மாற்றம் அது: கந்தகம் போய் ஆக்சிஜன் வந்தது. ஒரு புரதத்தில் எந்த அணு எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று அணு அணுவாகக் கேட்கும் காலம் அங்கே தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் அதே நொதியின் 51-ஆம் இடத்தை மாற்றி, அதன் பிடியை இயற்கை தந்ததைவிடப் பல மடங்கு வலுவாக்கியும் காட்டினார்கள்.

தொழில் உலகம் சும்மா இருக்குமா? சலவைத் தூளில் சேரும் சப்டிலிசின் நொதி வெளுப்பான் பட்டால் செயலிழந்துவிடும். காரணம் 222-ஆம் இடத்திலுள்ள மெத்தியோனின். கலிஃபோர்னியாவில் எஸ்டெல், வெல்ஸ் ஆகியோரின் குழு அந்த ஓரிடத்தில் மற்ற 19 அமினோ அமிலங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, வெளுப்பானைத் தாங்கும் நொதிகளை 1985-ல் கண்டெடுத்தது.

ஆனால் நம் வாசகர்களுக்கு மிக அருகில் இருக்கும் விளைவு இன்சுலின். இயற்கை இன்சுலின் மூலக்கூறுகள் மருந்துக் குப்பியில் ஆறாறாகக் கூடி நிற்கும். ஊசி போட்ட பிறகு அவை பிரிந்து ரத்தத்தில் கலக்க நேரமாகும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். எந்த அமினோ அமிலங்கள் இந்தக் கூட்டத்துக்குக் காரணம் என்று தேடி, அவற்றை மாற்றினார்கள். பி சங்கிலியின் 28, 29-ஆம் இடங்களிலுள்ள புரோலினையும் லைசினையும் இடம் மாற்றியதில் கிடைத்தது, 1996-ல் சந்தைக்கு வந்த லிஸ்ப்ரோ. 28-ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் வைத்ததில் கிடைத்தது ஆஸ்பார்ட். மெதுவாக நாள் முழுதும் வேலை செய்யும் கிளார்ஜின் வேறு மூன்று மாற்றங்களின் பயன். உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் பேனா இருந்தால் அதன் மேலிருக்கும் பெயரைப் படித்துப் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

முறையும் எளிதாகிக்கொண்டே வந்தது. 1985-ல் தாமஸ் குங்கெல் ஒரு நுட்பம் சொன்னார். பழைய இழையை டி-க்குப் பதில் ஆங்காங்கே யுராசில் சேர்க்கும் ஒரு பாக்டீரியத்தில் வளர்த்தெடுத்தால், பிறகு சாதாரண பாக்டீரியத்துக்குள் நுழையும்போது அந்தப் பழைய இழை அந்நியம் என்று அழிக்கப்படும். புதிய எழுத்தைச் சுமக்கும் இழை மட்டும் தப்பும். 1980-களின் இறுதியில், டி.என்.ஏ.வைக் குழாயிலேயே நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையும் வந்து சேர்ந்தது. இன்று ஓர் ஆய்வு மாணவி மாற்றம் சுமந்த இரண்டு பிரைமர்களை (தொடக்கத் துண்டுகளை) வரவழைத்து, பிழையில்லாமல் நகலெடுக்கும் பாலிமரேஸோடு சேர்த்து, பி.சி.ஆர். கருவியில் பதினைந்து சுற்றுகள் போல ஓட்டுகிறாள். பிறகு டி.பி.என்-1 என்ற நொதியை ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறாள். பாக்டீரியத்தில் வளர்ந்த பழைய டி.என்.ஏ.வில் மெத்தில் குறி இருக்கும். இந்த நொதி குறியுள்ளதை மட்டும் நறுக்கும். குழாயில் பிறந்த புதியது தப்பும். மறுநாள் தட்டில் முளைத்த புள்ளிகளில் நாலைந்தைக் கிள்ளி எடுத்துப் படித்துப் பார்த்தால், பெரும்பாலும் வேண்டிய எழுத்து இருக்கும்.

1993-ல் வேதியியல் நோபல் பரிசைப் பி.சி.ஆர். முறையைக் கண்ட கேரி முல்லிஸும் மைக்கேல் ஸ்மித்தும் ஆளுக்குப் பாதியாகப் பெற்றார்கள். கொரோனா காலத்தில் பி.சி.ஆர். என்ற பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. பரிசின் மறுபாதியை நினைப்பவர் குறைவு. ஸ்மித்தின் முறை எந்த நோயையும் நேராகக் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. மற்றவர்கள் கேள்வி கேட்க உதவுகிறது. அப்படிப்பட்ட கருவிகளை உருவாக்கியவர்களை நாம் எளிதில் மறக்கிறோம். அது நியாயமில்லை.

ஸ்மித் பரிசுப் பணத்தில் தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பாதியை மனச்சிதைவு நோய் பற்றிய ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். மீதியை வான்கூவரில் சிறுவர்களுக்கு அறிவியல் காட்டும் ‘சயன்ஸ் வேர்ல்ட்’ மையத்துக்கும், அறிவியலில் பெண்களை ஊக்குவிக்கும் கனடிய அமைப்புக்கும் பகிர்ந்தளித்தார். கில்லமும் ஆஸ்டெலும் உழைத்த ஆய்வகத்தின் தலைவர் கடைசியாகச் சொன்ன அமைப்பைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. 2000 அக்டோபரில் அவர் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவர் பெயர் தாங்கும் வான்கூவர் மரபுத்தொகுதி மையம்தான் 2003 ஏப்ரலில் சார்ஸ் வைரஸின் மரபுத்தொகுதியை உலகில் முதலாவதாகப் படித்து வெளியிட்டது.

வைரஸிலும் பாக்டீரியத்திலும் வேண்டிய எழுத்தை மாற்றியாயிற்று. எலியைப் போன்ற ஒரு விலங்கின் உடலில், ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரே மரபணுவைக் குறிவைத்து மாற்ற முடியுமா? நிதி கேட்டபோது, இது நடக்காத காரியம் என்று நிபுணர் குழு கைவிரித்தும், அதையே செய்து முடித்த மாரியோ கபெக்கியை அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)